வார்னிஷும் வண்ணத்தாளும்

மெல்லிய வண்ணத்தாளைக் கிழித்தும் கசக்கியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியும், அதனோடு நூல், துணித்துண்டு, காய்ந்த இலை, ஜிகினா, வர்ணம் முதலியவற்றைச் சேர்த்தும், சித்திரங்களும் வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பெட்டிகளும் செய்து உற்றார் உறவினருக்கு அளிக்கும் நல்ல வழக்கம் நம் வீடுகளில் பரவிவருவதைக் கண்டு மகிழ்கிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், அவர்களோடு பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில், அநேகமாகத் தவறாமல், ஒரே வாக்கியம் என் காதில் வந்து விழுகிறது: "ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சாச்சு, இனிமே கலர் போகாது." கடைக்காரர் சொல்கிறார், கைவேலை வகுப்பு நடத்தும் அம்மையார் சொல்கிறார், அவரிடம் கற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொல்கிறார்கள். பழந்தாள்களைச் செப்பனிடும் தொழிலிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நான், இதைக் கேட்டுப் பேசாமல் தலையசைத்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. நிறத்தைப் பொறுத்தமட்டில் இது முழுப் பொய்.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி சட்டமிட்ட படமொன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். தம் தமக்கையின் கலியாணத்துக்கென்று அவரே செய்தது. ரோஜா நிறத்திலும் குங்குமச் சிவப்பிலும் கத்தரிப்பூ நிறத்திலும் டிஷ்யூ தாளை இதழ் இதழாகக் கிழித்து ஒட்டி, காம்புகளுக்குப் பச்சை நூலும், பொகுட்டுக்குப் பழம் பட்டுப்புடவையின் சரிகைத் துணுக்கும் வைத்து அமைத்த தாமரைத் தடாகம். நான்கு ஆண்டுகள் கூடத்துச் சன்னலுக்கு எதிரே தொங்கிய அப்படத்தில் சரிகை இருந்தது, நூல் இருந்தது, செய்தவரின் கைத்திறமும் இருந்தது; தாமரைகள் மட்டும் பலமுறை வெளுத்த பழந்துணியின் நிறத்தை அடைந்திருந்தன. "மூணு தடவை வார்னிஷ் பூசித்தான் ஐயா கொடுத்தேன். அக்காதான் சரியா வச்சுக்கலையோன்னு மனசுல ஒரு குறை" என்றார். சட்டத்தைப் பின்புறமாகக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். சட்டத்தின் உள்விளிம்பு மறைத்திருந்த சுற்றோரம், ஒரு விரற்கடைக்கும் குறைந்த அகலத்தில், ஒட்டிய அன்றைய சிவப்போடு பளிச்சென்று இருந்தது. வார்னிஷ் ஓரத்திலும் இருந்தது, நடுவிலும் இருந்தது. ஒளி நடுவில் மட்டுமே விழுந்திருந்தது. "உங்கள் அக்காமேல் ஒரு குற்றமும் இல்லை, அம்மா" என்றேன்.

கடையில் விற்கும் வண்ண டிஷ்யூ தாளிலும் காற்றாடித் தாளிலும் ஏறியிருப்பது பெரும்பாலும் சாயம். காவிமண் போன்ற வர்ணப்பொடிகள் நீரில் கரையாத துகள்களாதலால், ஒளி ஒரு துகளின் மேற்பரப்பைக் கெடுத்தாலும் உள்ளே நிறம் மிஞ்சி நிற்கும். சாயமோ மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து நாரின்மேல் படிந்திருப்பது. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குவதாலேயே அதற்கு நிறம் உண்டாகிறது. விழுங்கிய அந்த ஒளியின் சக்தியே, காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் துணைசெய்ய, நிறத்துக்கு ஆதாரமான பிணைப்புகளை நாளடைவில் அறுத்துவிடுகிறது. ஈர விரலால் தொட்டவுடன் விரலில் சிவப்பேற்றும் தாள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாரோடு உறுதியாகப் பற்றாத மலிவுச் சாயத்தில் தோய்ந்த அத்தாள்களே வெயிலிலும் முதலில் வெளுப்பவை.

இனி வார்னிஷுக்கு வருவோம். அது தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அடியிலுள்ள நிறம் தெரிய வேண்டும் என்பதே காரணம். நிறம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், ஒளியானது அந்தப் பூச்சைக் கடந்து தாளை அடைந்து, மறுபடியும் அதே பூச்சைக் கடந்து வெளியே வந்தாக வேண்டும். அவ்வாறு போய்வரும் ஒளியேதான் சாயத்தைத் தின்கிறது. நிறத்தைக் காட்டுகிற பூச்சு எதுவும் அந்த ஒளியைத் தடுத்திருக்க முடியாது. பிறருக்குக் கற்பிக்க முன்வந்தவர்கள், இவ்வளவு எளிய நியாயத்தை ஒருநாளாவது நின்று யோசித்திருக்க வேண்டாமா?

"இது சாதாரண வார்னிஷ் இல்லை, யூ.வி. வார்னிஷ்" என்று உடனே ஒரு சமாதானம் வரும். புற ஊதாக் கதிரை அது ஓரளவு தடுக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் மலிவுச் சாயங்களைக் கெடுக்கப் புற ஊதாக் கதிரே வர வேண்டும் என்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே, முக்கியமாக அதன் நீலப் பகுதி, போதும். அருங்காட்சியகங்களில் சாயத்துணிகளுக்கும் நீர்வர்ணச் சித்திரங்களுக்கும் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே தக்கது என்பது, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பணிபுரிந்த கேரி தாம்ஸன் 1978இல் வெளியிட்ட நூலின் வாயிலாக உலகெங்கும் வேரூன்றிய கொள்கை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் அந்த 50 லக்ஸில் ஒரு படத்தை வைத்தால், வருஷம் முழுவதும் அதன்மேல் விழும் ஒளி 1,46,000 லக்ஸ்-மணி ஆகும். நேரடியான உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். எனவே, அருங்காட்சியகம் ஓர் ஆண்டு முழுவதும் அளந்து அளந்து கொடுக்கிற ஒளியை, வெயில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படத்தின்மேல் கொட்டிவிடுகிறது. ஒளியால் வந்த சேதம் சேர்ந்துகொண்டே போவது. இரவெல்லாம் இருட்டில் இருந்தாலும் பகலில் இழந்த நிறம் திரும்புவதில்லை.

இவ்வளவு தெளிவான பொய் எப்படி இத்தனை காலம் நடமாடுகிறது என்று நான் யோசித்ததுண்டு. வார்னிஷ் பூசிய கணத்திலேயே நிறம் ஆழ்ந்து ஒளிவீசுகிறது. நார்களுக்கிடையே இருந்த காற்றிடத்தைப் பூச்சு நிரப்பிவிடுவதால், ஒளி சிதறி வெளுப்பாகத் தோன்றுவது குறைகிறது. நனைந்த கருங்கல் கறுத்து மின்னுவதும் இக்காரணத்தால்தான். பிரத்தியட்சமாகக் கண்ட அந்தப் பிரகாசத்தை நிரந்தரம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மேலும், தூசியையும் நீர்த்துளியையும் கைப்படுதலையும் வார்னிஷ் தடுக்கிறது. அந்த நற்பெயரை இதற்கும் நீட்டிவிட்டார்கள். இருண்ட மூலையில் தொங்கி நிறம் கெடாத படங்களும் பல உண்டு. இருட்டு செய்த உபகாரத்துக்கு வார்னிஷ் டப்பாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் சொல்லை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே தாளிலிருந்து நான்கு கீற்றுகள் கத்தரித்து, இரண்டுக்கு வார்னிஷ் பூசி, இரண்டை வெறுமனே விட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் கனத்த கறுப்புத்தாளால் முற்றும் மூடி, நான்கையும் வெயில் வரும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். எங்கள் துறையில் இதற்கு நீலக் கம்பளிக் கீற்றுகள் எட்டைப் பயன்படுத்துவோம். 1 என்று எண்ணிட்டது மிக விரைவில் வெளுக்கும், 8 என்று எண்ணிட்டது நெடுங்காலம் தாங்கும். அவற்றோடு ஒப்பிட்டு ஒரு நிறத்தின் உறுதியைக் கணிப்போம். வீட்டில் அவ்வளவு வேண்டியதில்லை. மூடியவை இரண்டும் பிழைக்கும். திறந்தவை இரண்டும் வெளுக்கும். வார்னிஷ் எந்தப் பக்கத்திலும் கணக்கில் வராது.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தாலும் இதே பாடந்தான். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேரி டிலேனி என்னும் அம்மையார், 70 வயதைக் கடந்த பிறகு, வண்ணமேற்றிய மெல்லிய தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புத் தரையில் ஒட்டி, செடிகளின் உருவங்களை ஏறக்குறைய 1000 அளவுக்குச் செய்துவைத்தார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அவை இன்றும் பார்ப்பவரை வியக்கவைக்கின்றன என்றால், சுவரில் தொங்காமல் தொகுப்பேடுகளுக்குள் இருளில் கிடந்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். முதுமையில் கத்தரிக்கோலையே தூரிகையாக்கிக்கொண்ட ஓவியர் மாத்தீஸ், கடைச்சாயத் தாளை நாடாமல், வெள்ளைத்தாளில் உதவியாளர்களைக் கொண்டு குவாஷ் வர்ணம் பூசுவித்து, அதைத்தான் வெட்டினார். 1969இல் வெளிவந்த, பசித்த கம்பளிப்புழுவின் கதையால் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் உறவினரான எரிக் கார்ல், வெறும் வெள்ளை டிஷ்யூ தாளை எடுத்து, அக்ரிலிக் வர்ணத்தால் தாமே கோடும் புள்ளியும் அலையுமாகத் தீட்டி உலர்த்தி, நிறவாரியாக இழுப்பறைகளில் சேமித்து, பிறகே வெட்டி ஒட்டினார் என்பதை நம் கைவேலை ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. நெடுநாள் நிற்கவேண்டிய பரிசுக்கு வழி அதுவே: நிறத்தைத் தாளோடு வாங்காதீர்கள், நீங்களே ஏற்றுங்கள். ஓவியர்களுக்கான நல்ல வர்ணக்குழாய்களில் ஒளி தாங்கும் திறன் 1, 2 என்று ரோமன் எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டு வகுப்புகளுக்குள் அடங்கியதையே வாங்குங்கள்.

சில்லறை நம்பிக்கைகள் சிலவற்றை இங்கேயே முடித்துவிடுகிறேன். மெல்லிய தாள் பலவீனமானது என்பார்கள். ஜப்பானில் முசுக்கட்டை இனச் செடியின் நீண்ட நாரால் செய்யப்படும், சதுர மீட்டருக்கு 2 கிராமே நிறையுள்ள தாளைக் கொண்டுதான் கிழிந்த சுவடிகளை நாங்கள் ஒட்டுகிறோம். வலிமை நாரின் நீளத்தில் இருக்கிறது, கனத்தில் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டால் போதும் என்பார்கள். கண்ணாடிக்கும் வார்னிஷுக்குச் சொன்ன பதிலே. அமிலமற்ற தாள் என்று உறையில் போட்டிருந்தால் கவலையில்லை என்பார்கள். தாள் பழுக்காது, சாயம் வெளுக்கும், இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இதெல்லாம் குழந்தைகள் விளையாட்டு, கலையாகாது என்பாரும் உண்டு. பிக்காஸோவும் பிராக்கும் 1912லேயே ஒட்டுச்சித்திரம் செய்து காட்டியாகிவிட்டது.

அடியில் வைக்கும் பொருளைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். மாத்தீஸ் 1952இல் தம் உணவறைச் சுவரைச் சுற்றி அமைத்த 'நீச்சல் குளம்', சணற்சாக்குத் துணியின்மேல் ஒட்டப்பெற்றது. பிறகு நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சணல் கறுத்துப் பழுத்து, நீலத்துக்கும் பின்னணிக்கும் இருந்த இசைவையே கெடுத்துவிட்டதால், செப்பனிடுவோர் நெடுநாள் உழைத்துத் துணியை மாற்றிய பின்னரே 2014இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். சணல், மரக்கூழ் அட்டை, காய்ந்த இலை, செய்தித்தாள் ஆகிய யாவும் காலப்போக்கில் அமிலத்தை விடுவன; மெல்லிய தாள் அதை முதலில் உறிஞ்சும். ஆகவே, பருத்திக் கந்தலில் செய்த கைத்தாளை அடியில் வையுங்கள்.

பசையைப் பற்றியும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதை எங்கே சென்றாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புட்டியில் வரும் வெள்ளைப் பசை உலர்ந்துவிட்டால், பின்னால் ஒருவர் அதைப் பிரித்துச் செப்பனிட வழியின்றிப் போகும். நம் பாட்டிமார் அடுப்பில் காய்ச்சிய மாப்பசையைப் பிரிக்க ஈரமும் பொறுமையும் போதும். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, துணியில் முடிந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால், பசையம் துணியில் தங்கி, வெண்மையான மாச்சத்து நீரில் இறங்கும். அது அடியில் தெளிந்தபின் மேல்நீரை வடித்து, அடுப்பில் இளஞ்சூட்டில் கிண்டிக்கொண்டே கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, ஆறியபின் மெல்லிய துணியில் இருமுறை வடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியச் சுருளோவியங்களை ஒட்டுவதும், எங்கள் மேஜையில் சுவடிகளை ஒட்டுவதும் இவ்வகைக் கோதுமை மாப்பசையே. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காகச் சேர்க்கும் மயில்துத்தத்தை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது; அதிலுள்ள செம்பு தாளின் நாரை அரித்துவிடும். பசையை மெல்லியதாகத் தடவி, படத்தை ஈரமில்லாத இடத்தில் வைத்தால், இராமபாணப் பூச்சியைப் பற்றிய அச்சமும் பெரிதும் குறையும். இந்த ஈரப்பசைக்குக் கடைச்சாயத் தாள் கரைந்து ஒழுகும். அக்ரிலிக் வர்ணமேற்றிய தாள் அசையாது.

அந்தப் பெண்மணி மறுமுறை வந்தபோது வெள்ளை டிஷ்யூ தாள் ஒரு கட்டும் வர்ணக்குழாய்களும் கொண்டுவந்தார். சட்டத்தின் விளிம்புக்குள் ஒளிந்து தப்பிய சிவப்புக் கீற்றைக் கத்தரித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதன் அருகிலேயே வர்ணங்களைக் கலந்து பூசி, உலரவிட்டு, ஒப்புப் பார்த்து, மறுபடியும் கலந்தார். ஏழாவது கலவையில் இரண்டும் ஒன்றாயின. பழைய கீற்றைச் சிறு உறையிலிட்டு, எந்தத் தாள், எந்த வர்ணம், எந்தத் தேதி என்பதைப் பென்சிலால் எழுதி, புதுப் படத்தின் பின்புறத்தில் ஒட்டினார். அது இப்போது அக்கா வீட்டில், சன்னல் வெயில் எட்டாத உள்சுவரில் தொங்குகிறது.