விளக்குமாறு யார் கையில்?

அன்புள்ள மகளுக்கு,

ஆமத்தூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பயிற்சிக்கு என் வகுப்பில் வந்து உட்கார்ந்து ஓயாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண், இன்று டீச்சர். சந்தோஷம். பிள்ளைகளுக்குப் பணிவும் பொறுப்பும் வர என்ன ஆக்டிவிட்டி செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். சார்ட் அட்டையில் 'நன்றி சொல்வோம், வரிசையில் நிற்போம்' என்று எழுதி ஒட்டுவதை மட்டும் செய்யாதே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. பார்வையிட வரும் அதிகாரிகள்தான் படிப்பார்கள்.

'பொறுப்பு' என்ற சொல்லுக்கு நம் சிவகாசிச் சீமையில் ஒரு பழைய கணக்கு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குச்சி அடுக்கி, வாரக் கூலியை அம்மா கையில் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் 'பொறுப்பான புள்ள' என்று பெயர். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, அதற்குப் பிறகும் பல வருஷம் போராடித்தான் அந்தப் பஸ் நின்றது. உன் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமாரைக் கேட்டுப் பார், அதில் ஏறிப் போனவர்கள் இருப்பார்கள். சொன்னதைச் செய், வாயைத் திறக்காதே என்பதுதான் அவர்கள் கற்ற பொறுப்பு. பேரப்பிள்ளைகளுக்கும் அதையே வேறு பெயரில் நாம் சொல்லித்தர வேண்டாம்.

நான் செய்து பார்த்ததில் பலித்தது தண்ணீர் விளையாட்டு. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். வராந்தாக் குழாயிலிருந்து வகுப்புக்குள் இருக்கிற செடித்தொட்டி வரைக்கும் சிந்தாமல் கொண்டுவர வேண்டும். மழை பொய்க்கிற கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் அருமையைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. ஒரு பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை டம்ளரைவிட்டு எடுக்காமல் அடிமேல் அடி வைத்து வந்தான். வாசற்படியில் தடுக்கிப் பாதி கொட்டிவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான், அடி விழுமா என்று. நான் ஒன்றும் சொல்லாமல் மூலையில் கிடந்த துணியைக் காட்டினேன். துடைத்தான், மறுபடி குழாய்க்குப் போனான். இரண்டாம் தடவை வந்தபோது, வாசலில் நின்ற பிள்ளைகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் சொல்லித்தராத மரியாதை அது. துணி பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொள். பீரோவுக்குள் பூட்டி வைத்தால் இந்த விளையாட்டே வீண்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய மௌன விளையாட்டை நீ படித்திருப்பாய். பிள்ளைகள் அசையாமல் உட்கார வேண்டும், பெயரை டீச்சர் மெல்லக் கூப்பிட்டால் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். நான் அதில் ஒன்று சேர்த்துக்கொண்டேன். முடிந்ததும் என்னென்ன கேட்டது என்று கேட்பேன். சிவகாசி பஸ் ஹாரன், ஆடு, எங்கோ தூரத்தில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம், பக்கத்துப் பிள்ளையின் வயிற்று இரைச்சல். அந்தக் கடைசிப் பதில் வந்த அன்றுதான் ஒரு குழந்தை பட்டினியாக வருவது எனக்குத் தெரிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமெல்லாம் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது, அதையும் பாடமாக்கிக்கொள். சமைத்துப் போடுகிறவரைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேள். அத்தை, அக்கா, பாட்டி என்று ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிடட்டும். நீ 'ஏம்மா, இங்க வா' என்று அதட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் மரியாதையை எதிர்பார்க்காதே.

ஜூலை 15 வந்தால், அன்று பிறந்த விருதுநகர்க்காரர் காமராசரைப் பற்றி மனப்பாடப் பேச்சு ஒப்பிக்க வைப்பார்கள். இருக்கட்டும். அன்று மதியம் இரண்டாம் வகுப்பு ஒன்றாம் வகுப்புக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, தட்டு எடுத்து வைக்கட்டும். பேச்சைவிட அது மனசில் நிற்கும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு பள்ளியில், யோசிக்காமலே கூட்டுகிற வேலையைப் பெண் பிள்ளைகளிடம் விட்டிருந்தேன். அதிலும் ஒரு தெருப் பிள்ளைகள் கையில்தான் விளக்குமாறு அடிக்கடி போனது. ஒருநாள் ஒரு பாட்டி வாசலில் நின்று, "ஏன் டீச்சர், எம் பேத்தி கைக்குத்தான் வாருகோல் பொருந்துதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நாங்குநேரியில் மாணவர்களே சக மாணவனைச் சாதி வெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கலர் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. உயர்நிலைப் பள்ளியில் கையில் ஏறுகிற அந்தக் கயிற்றுக்கு, ஒன்றாம் வகுப்பில் விளக்குமாறு கொடுக்கிறபோதே நாம் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். கழிப்பறை வேலையைப் பிள்ளைகளிடம் எந்தக் காலத்திலும் கொடுக்காதே. வகுப்பறை கூட்டுவதற்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வை, ஆணும் பெண்ணுமாக.

இன்னொன்று இந்த ஊருக்கென்றே. பிள்ளைகள் வழியில் வெடிக்காத வெடியை, திரியை, கொட்டிக் கிடக்கும் மருந்தைப் பார்ப்பார்கள். 'தொடாதே, தள்ளிப் போ, பெரியவரிடம் சொல்' என்பதை நாடகமாக வாரம் ஒருமுறை நடிக்க வை. அண்ணனே "எடுடா" என்றாலும் "மாட்டேன்" என்று சொல்கிற காட்சி அதில் இருக்கட்டும். பெரியவர்களிடம் மறுத்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வந்தால், ஆமாம் என்று சொல்.

திங்கட்கிழமை முறைப் பட்டியல் எழுதும்போது, முதல் பெயராக உன் பெயரை எழுது. பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு கூட்டு, பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய டீச்சர்