கூடுதல் எரிபொருள்: விமானி கையிருப்பில் வைக்கும் நேரம்

புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துக்கும் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. பிற்பகலில் இடி மின்னலோடு மழை வலுக்கும்போது சில விமானங்கள் இறங்காமல் வட்டமிடும். சில, ஓடுபாதையை நெருங்கிய பிறகும் மீண்டும் மேலே ஏறிவிடும். உள்ளே இருக்கும் பயணிக்கு அச்சமாக இருக்கும். உண்மையில் அதுதான் பாதுகாப்பான முடிவு. ஏன் என்று பார்ப்போம்.

மழைமேகம் தாழ்ந்திருக்கும்போது விமானி கருவிகளை நம்பித்தான் இறங்குகிறார். ஆனால் ஒவ்வோர் ஓடுபாதைக்கும் ஓர் எல்லை உயரம் உண்டு. சாதாரண வகைக் கருவி இறக்கத்தில் அது தரையிலிருந்து ஏறத்தாழ 200 அடி. துல்லியம் குறைந்த முறைகளில் இன்னும் அதிகம். அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்" என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. 1977 செப்டம்பர் 27இல் தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க முயன்றது. ஓடுபாதை கண்ணில் படும்வரை 750 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. விமானம் அதற்கும் கீழே இறங்கி, எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் இறந்தனர்.

சரி, மேலே ஏறியாயிற்று. அடுத்து என்ன? இங்கேதான் எரிபொருள் கணக்கு வருகிறது. புறப்படும் முன்பே விமானத்தில் பல பங்குகளாக எரிபொருள் நிரப்பப்படுகிறது: பயணத்துக்கு ஒரு பங்கு, எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு சிறு பங்கு, பினாங்கு, செனாய் போன்ற மாற்று நிலையத்துக்குச் செல்ல ஒரு பங்கு, இவை அனைத்துக்கும் மேலாக 30 நிமிடம் பறக்கக்கூடிய இறுதி இருப்பு. அந்த இருப்பைத் தொட வேண்டிவரும் என்று தெரிந்தாலே விமானி அவசரநிலை அறிவிக்க வேண்டும். இவற்றுக்கு மேலும் தேவை என்று கருதினால் விமானி கூடுதலாகக் கேட்டு வாங்கலாம்.

அப்படியானால் தொட்டியை நிரப்பிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். எரிபொருளும் சுமைதான். கூடுதலாக ஏற்றியதில் மணிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு, அந்தச் சுமையைத் தூக்குவதற்கே எரிந்துபோகும். 5 மணி நேரப் பயணத்துக்கு 1,000 கிலோ கூடுதலாக எடுத்தால், சேரும்போது சுமார் 850 கிலோதான் மிஞ்சும். போயிங் 737 போன்ற விமானம் மணிக்கு ஏறத்தாழ 2,400 கிலோ எரிக்கிறது என்று கொண்டால், அந்த 850 கிலோ தருவது 21 நிமிடம். அதோடு, எடை மிகுந்த விமானம் நனைந்த ஓடுபாதையில் நிற்க அதிக நீளம் தேவை. ஆகவே, தெளிந்த வானில் அது வீண்செலவு. இடிமழை எதிர்பார்க்கப்படும் நாளிலோ அதுவே உயிர்க்காப்பு.

ஆனால் எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது. அதைச் செலவிடும் முறையும் முக்கியம். 2015 ஆகஸ்ட் 18இல் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 விமானம், ஓடுபாதை சரிவரத் தெரியாததால் அங்கு மூன்று முறை முயன்று மேலே ஏறியது. பிறகு திருவனந்தபுரம் சென்றது. அங்கும் வானிலை கெட்டிருந்தது. மேலும் மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை. ஏழாவது முறை தரையிறங்கியபோது மிஞ்சியது 349 கிலோ. நம் கணக்குப்படி அது 9 நிமிடத்துக்கும் குறைவு! இறுதி இருப்போ 30 நிமிடத்துக்கு, அதாவது 1,200 கிலோ அளவில் இருந்திருக்க வேண்டும்.

கவனியுங்கள்: ஒவ்வொரு முறை மேலே ஏறியதும் தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் மாற்று நிலையத்துக்கான பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அதனால்தான் நல்ல விமானி, இறங்கத் தொடங்கும் முன்பே ஓர் அளவைக் குறித்துக்கொள்கிறார்: "எரிபொருள் இவ்வளவுக்கு வந்ததும் வேறு நிலையம்." முடிவை அமைதியான நேரத்தில் எடுத்துவிட்டால், நெருக்கடியில் ஆசைக்கு இடமிருக்காது.

அடுத்த முறை உங்கள் விமானம் வேறு ஊரில் இறங்கினால் எரிச்சல் வரலாம். யாரோ ஒருவர் சரியான நேரத்தில் "போதும்" என்று சொல்லியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.