அகஸ்தியர் மலை கற்பித்த பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

தாவர ஆராய்ச்சிக்காக மலைவாழ் மக்களிடையே தங்கப் புறப்படுகிறாய் என்று எழுதியிருந்தாய், மிக்க மகிழ்ச்சி. புறப்படுமுன் அகஸ்தியர் மலையில் நிகழ்ந்த ஒன்றை உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1987-ஆம் ஆண்டில் கேரளப் பகுதியிலுள்ள அம்மலைச் சரிவில் ஏறிய விஞ்ஞானிகள், தாங்கள் மூச்சு வாங்கித் தளர்ந்து நிற்கையில், வழிகாட்டிகளாக வந்த காணி இனத்தவர் ஏதோ சிறு கனிகளைத் தின்றுகொண்டு சிரமமின்றி நடப்பதைக் கண்டார்கள். முன்னோர் வழிவந்த இரகசியமாதலால் காணிகள் முதலில் அதைச் சொல்ல மறுத்தார்கள். நம்பிக்கை பிறந்த பின்னரே ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினார்கள். அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கிய பாலோட்டுத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம், 1995-இல் தயாரிப்பு உரிமையை ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு அளித்தபோது, அத்தொகையிலும் விற்பனை மீதான 2 சதவிகித உரிமைத்தொகையிலும் பாதி காணிகளுக்குரியது என்று தீர்மானித்தது. இத்தகைய பயன்பகிர்வைப் பற்றி உலக நாடுகள் 2010-இல் நகோயாவில் விரிவான உடன்படிக்கை செய்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதை நினைக்கையில், அந்த நிலையத்தாரை வணங்கத் தோன்றுகிறது.

ஆயினும், அப்பணத்தை ஏற்று நிர்வகிப்பதற்கான காணிகளின் அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று. அதற்குள்ளாகவே, மருத்துவ ஞானத்தைப் பரம்பரையாகக் காத்துவரும் பிலாத்திகள் சிலர் தங்களுடன் கலந்தாலோசிக்கவில்லை என்று மனம் வருந்தினார்கள். இலை பறிக்கும் விஷயத்திலும் வனத்துறைக்கும் காணிகளுக்கும் பிணக்கு எழுந்தது. காட்டிலிருந்து செடி அடியோடு அழிந்துவிடுமோ என்ற அச்சத்தை அநாவசியமானதென்று தள்ளிவிட முடியாது. நல்லெண்ணம் நிறைந்திருந்த இடத்திலும் இவ்வளவு மனக்குறை நேர்ந்ததற்குக் காரணம், பங்கு கொடுப்பதைப் பற்றிய யோசனை பிந்தி வந்ததும், எல்லோரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்காததுமே என்பது என் துணிபு.

ஆகையால், தம்பி, மாதிரி சேகரிக்குமுன் ஊரார் அனைவரையும் கூட்டி, நீ எதைத் தேடுகிறாய், அதனால் யாருக்கு என்ன லாபம் வரக்கூடும் என்பதை அவர்கள் பாஷையிலேயே சொல். அவர்கள் மறுத்தால், அம்மறுப்பையும் ஞானத்தின் ஓர் அங்கமாக மதித்துத் திரும்பி வந்துவிடு. சம்மதித்தால், எவ்வளவு பறிக்கலாம் என்ற அளவையும் அவர்களே வகுக்கட்டும். முடிவுகளை அச்சுக்கு அனுப்புமுன் அவர்களுக்குப் படித்துக் காட்டு.

உன் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், செடியின் பெயரை எழுதுமுன், அதைக் காட்ட இசைந்தவர் யார் என்று எழுது. அந்த இடம் வெறுமையாக இருக்குமானால், செடியைப் பறிக்காதே.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அண்ணன்