கோழிக்குச் சுண்ணமும் கல்லும்

கொங்கு நாடு மழை குறைந்த மேட்டுநிலம். விளைச்சல் பொய்த்த காலத்தும் கோவை வட்டாரத்து உழவர் இல்லங்களில் உப்புக்கும் எண்ணெய்க்கும் கைகொடுப்பது முட்டை விற்ற காசு. அத்தகைய வீட்டில் ஒருநாள் பஞ்சாரத்தைத் தூக்கினால், ஓடின்றி மெல்லிய சவ்வு மட்டும் போர்த்த முட்டை கிடப்பதுண்டு. இதனைத் தோல்முட்டை என்பர். இது விற்பனைக்கும் ஆகாது, அடைவைக்கவும் ஆகாது. கண்ணேறு பட்டதென்று வருந்துவாரும் உளர். ஆயினும் காரணம் பெரும்பாலும் தீனியிலேயே உளது.

முட்டையோடு ஏறத்தாழ முழுவதும் சுண்ணாம்புப் பொருளே. 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஓடு மட்டும் 5 கிராம் அளவினது. அதில் கால்சியம் எனப்படும் சுண்ணச்சத்து ஏறக்குறைய 2 கிராம். 100 கிராம் சோளத்திலோ அச்சத்து ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்கே உளது. தானியம் மட்டும் தின்னும் கோழி எஞ்சியதை எங்கிருந்து பெறும்? தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகும். அவ்வேலை பெரும்பாலும் இரவிலேயே நடைபெறும். இரவில் இரை இல்லாமையால் எலும்பின் சேமிப்பே உதவும். பகலில் அக்குறை நிரப்பப்படாவிடில், முதலில் ஓடு மெலியும். பின்னர்க் கோழியின் காலும் தளரும்.

கோழிக்குப் பல் இல்லை. தின்ற தானியம் தீனிப்பையில் ஊறி, பின்னர் அரைவைப்பையை அடைகிறது. அங்கே கோழி விழுங்கிய பருக்கைக் கற்களே அம்மியும் குழவியுமாய் நின்று அதனை அரைக்கின்றன. சுண்ணாம்புக்கல்லோ வயிற்றில் கரைந்து உடலிற் சேர்வது. ஆகவே ஒன்று மற்றொன்றன் வேலையைச் செய்யாது, இரண்டும் வேண்டும்.

முன்னாளில் கோழிகள் தோட்டமெங்கும் மேய்ந்து இவற்றைத் தாமே தேடிக்கொண்டன. இன்று முற்றங்கள் பல சிமெண்டுத் தளமாயின, கோழிகளும் அடைபட்டன. ஆதலின் வளர்ப்போரே இவற்றைத் தருதல் கடமையாயிற்று. முட்டைத்தொழிலிற் சிறந்த நாமக்கல் பண்ணைகளில் சுண்ணாம்புக்கல் தூளும் கிளிஞ்சல் தூளும் தீவனத்தில் கலக்கப்படுகின்றன.

வீட்டிலோ, முட்டையோடுகளை வறுத்து நொறுக்கி வைத்தாலும் போதிய துணையாகும். முழு ஓடாக இட்டால் கோழி முட்டையைக் கொத்தித் தின்னும் தீயபழக்கம் கொள்ளக்கூடும். சுண்ணத்தைத் தனிச்சட்டியில் வைத்தால் முட்டையிடும் கோழி வேண்டுமளவே கொத்திக்கொள்ளும். மற்றொரு சட்டியில் பருக்கைக்கல் இருத்தல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை இடுதல் கூடாது. அது வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். குஞ்சுகளுக்குச் சுண்ணம் மிகுந்தால் சிறுநீரகம் கெடும்; அவற்றுக்குத் தனித்தீனியே தக்கது.

தன் எலும்பைக் கரைத்தும் முட்டை தரும் உயிர் கோழி. அதன் கொடையைக் கொள்வோர், எறியப்படும் ஓட்டையேனும் அதற்குத் திருப்பித் தருதல் அறமன்றோ?