ஓர் அரசரும் அவருடைய இசையும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பார்வை இல்லாதவர்களுக்கு இசைதான் ஆறுதல் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனத்தோடுதான் எழுதினாய். ஆனாலும் அந்த எண்ணம் அவர்களை ஒரு மூலையில் உட்காரவைத்துவிடும். ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான ஹனோவரின் கடைசி அரசர் ஐந்தாம் ஜார்ஜின் வாழ்க்கையைக் கேள்.

அவர் விக்டோரியா அரசியின் சித்தப்பா மகன். 1819 மே மாதம், விக்டோரியா பிறந்து மூன்று நாள் கழித்து பெர்லினில் பிறந்தார். சிறுவயதில் நோயால் ஒரு கண் போயிற்று. 1833இல் நேர்ந்த விபத்து மற்றொரு கண்ணையும் பறித்தது. அப்போது அவருக்கு வயது பதினான்கு.

இசையைக் கேட்டு ரசிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தனிப்பாடல்களுக்கும் பியானோவுக்கும் தாமே இசையமைத்தார். 1839இல், இருபதாம் வயதில், இசையின் இயல்புகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. இது ஆறுதல் தேடியவரின் வேலையா? ஒரு கலையைக் கற்று, அதைப் பற்றிச் சிந்தித்தவரின் வேலை.

1851இல் முடிசூடினார். 1853இல் வயலின் மேதை யோசஃப் யோவாக்கிம் ஹனோவர் அரசவை இசைக்குழுவில் சேர்ந்தார். அவருக்கு அப்போது இருபத்தொரு வயதுதான். அதே ஆண்டு இளம் இசையமைப்பாளர் பிராம்ஸ் யோவாக்கிமுக்கு அறிமுகமானதும் ஹனோவர் நகரில்தான். ஐரோப்பிய இசை வரலாற்றின் பெரிய நட்புகளுள் ஒன்று அங்கே தொடங்கியது.

ஜார்ஜின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1848இல் மக்கள் பெற்ற அரசியல் உரிமைகளை 1855இல் அவர் குறைத்தார். 1866 போரில் மற்றொரு ஜெர்மானிய நாடான பிரஷ்யாவிடம் நாட்டை இழந்து, 1878இல் பாரிஸில் காலமானார். அவருடைய ஆட்சியின் தவறுகளுக்குப் பார்வையின்மையைக் காரணம் காட்டாதே. கண்ணுள்ள அரசர்கள் பலரும் அதே தவறுகளைச் செய்தவர்கள்தாம். அவருடைய இசையறிவையும் இரக்கத்தால் புகழாதே. அது உழைத்துப் பெற்ற அறிவு.

இசையை அறிவாகப் பார்த்தவர் ஜார்ஜ் மட்டும் அல்ல. லூயி பிரெயில் 1829இல் பார்வையற்றவர்களுக்கான தம் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டபோதே இசைக்கும் அதில் குறியீடு வகுத்தார். பார்வையற்றவர்கள் இசையைப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று அவர் அன்றே கருதினார். உன் வகுப்பில் பார்வையற்ற நண்பன் பாடினால் கைதட்டுவதோடு நிறுத்தாதே. அந்த ராகத்தைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேள். அவன் சொல்வதில் உனக்கு உடன்பாடு இல்லையென்றால் தயங்காமல் வாதாடு. அதுதான் உண்மையான மரியாதை.

அன்புடன்,
உன் அண்ணன்