புள்ளியும் கோடும்

புற்றுநோயுற்றாரின் இரத்தத்திற் சில பொருள்கள் மிகுதலுண்டு. அவற்றைக் குறிகாட்டிகள் என்பர். சூலகப் புற்றுநோய்க்கு அவ்வாறமைந்தது சீ.ஏ. 125 என்னும் புரதம். அமெரிக்க வைத்தியர் றொபேட் பாஸ்ற் குழுவினர் 1981ஆம் ஆண்டில் அதனை இனங்காணும் வழியை வெளியிட்டனர். ஒரு மில்லிலீற்றர் குருதியில் 35 அலகுக்கு மேற்படின் ஐயுறுக என்பது பழைய விதி.

சித்தியெய்தற்கும் 35 புள்ளியே எல்லையெனக் கண்டு பழகிய ஆசிரியராகிய எமக்கு இவ்விதியின் குறை எளிதிற் புலனாகின்றது. என்றும் 90 பெறும் மாணவன் ஒரு தவணையில் 50 பெறின், சித்தியெய்தினானென்று வாளாவிருப்போமா? அவ்வாறே, ஒரு பெண்ணின் அளவு 8, 9, 8 என நின்று, பின் 14, 24 என ஏறிற்றென்க. 35ஐ அவள் எட்டவில்லை. ஆயினும் அஞ்சத்தக்கவள் அவளே. பல்லாண்டு 40இல் அசையாது நிற்பவளுக்கு அத்துணை அச்சமில்லை.

இக்கருத்தைக் கணிதமாக்கியவர் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் புள்ளிவிபரவியலார் ஸ்கேற்ஸ் முதலானோர். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்கே உரிய அடிமட்டம் உண்டு. அளவீடுகள் அதனைச் சுற்றிச் சிறிது ஊசலாடும். அம்மட்டம் கிடையாகவே செல்கின்றதா, அன்றி ஓரிடத்தில் முறிந்து மேலேறுகின்றதா என இரு கோடுகளையும் ஒப்பிட்டு, பேய்ஸ் தேற்றத்தின் வழி நோயின் நிகழ்தகவைக் கணிப்பர். பதினெட்டாம் நூற்றாண்டு மதகுரு ஒருவரின் தேற்றம் இங்கே பயன்படுதல் வியப்பே. புதிய அளவீடு வருந்தோறும் விடை திருந்தும்.

ஐக்கிய இராச்சியத்தில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற, 50 முதல் 74 வயதுவரையான 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, எழுமாறாகப் பிரித்து இம்முறையைச் சோதித்தனர். 2021இல் வெளியான முடிவில், இக்குருதிச் சோதனைக்குட்பட்டோரிடை நோய் முற்றாத நிலையிற் கண்டறியப்படுதல் மிகுந்தது. முற்றிய நிலையிற் காணப்படுதல் குறைந்தது. இறப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இஃது எங்ஙனம்? 2010இல் இறக்கவிருந்தாரின் நோயை 2008இற் கண்டால், அவர் ஈராண்டு வாழ்ந்தாரென்போம்; 2006இற் கண்டால் நான்காண்டு என்போம். இறந்த நாள் அதுவே! கண்டறிந்த நாள் தொட்டு எண்ணுவோர் இவ்வாறு ஏமாறுவர். அதனாலேயே அவ்வாய்வாளர் குழுக்களாகப் பிரித்த நாள்தொட்டு இறப்பையே எண்ணினர். எண்ணிய பின், நோய்க்குறியற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனையை விதந்துரைக்க இயலாதென அறிவித்தனர். வயிற்று வீக்கம் நீங்காது வருந்தும் பெண்ணுக்கு இம்முடிவு பொருந்தாது. அவள் வைத்தியரை நாட வேண்டியவளே.