கண்ணளவை எழுத்தில் கொண்டுவருவது எப்படி?

வட்டலப்பம் நன்றாகச் செய்பவர்களிடம் அளவு கேட்டுப் பாருங்கள். "எல்லாம் கண்ணளவுதான்மா, செய்யச் செய்ய வந்துடும்" என்பார்கள். அவர்கள் மறைப்பதற்காக அப்படிச் சொல்வதில்லை. நாற்பது வருடம் பழகிய கைக்கு அளவு தனியாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தக் கை ஓய்ந்த பிறகு மகளிடம் மிஞ்சுவது பாத்திரமும் ருசியின் ஞாபகமும் மட்டும்தான்.

சமையல், தையல், பூவேலை, பாய் முடைதல், மருதாணி என்று வீட்டுக் கைவேலைகளை எழுதியும் படம் பிடித்தும் பகிரும் சகோதரிகள் இப்போது நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் படிக்க அழகாக இருக்கும் குறிப்புகளில் பாதி, அடுப்படியில் வைத்துச் செய்யப்போனால் நடுவழியில் விட்டுவிடுகின்றன. எழுதுகிறவருக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்று எண்ணி எழுதுவதால் வரும் குறை இது.

முதல் வேலை, கேட்டு எழுதாமல் பக்கத்தில் நின்று எழுதுவது. உம்மம்மாவிடம் "எவ்வளவு வெல்லம்?" என்று கேட்டால் ஏதோ ஒரு கணக்குச் சொல்வார்கள், கை போடுவது வேறாக இருக்கும். வெல்ல டப்பாவைச் செய்யத் தொடங்குமுன் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் வையுங்கள். குறைந்த எடைதான் உண்மையான அளவு. உப்பு, மாவு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே வழி. அவர்கள் கையை ஒருமுறைகூடத் தடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்து, அளவு மாறினால் இரண்டையும் எழுதுங்கள். மாறியதற்குக் காரணம் இருக்கும்: தேங்காய் முற்றலாக இருந்திருக்கலாம், முட்டை சிறியதாக இருந்திருக்கலாம்.

படி, ஆழாக்கு, டம்ளர் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். படி ஊருக்கு ஊர் மாறும்; டம்ளரோ வீட்டுக்கு வீடு மாறும். பழைய பெயரை எழுதி, பக்கத்தில் கிராமோ மில்லி லிட்டரோ சேர்த்துவிடுங்கள். தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. கரண்டியைத் தலைதட்டி எடுப்பதா, கூம்பாக எடுப்பதா என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, காரணத்தோடு எழுதுவது. "முட்டையை அடித்து, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஆவியில் வேக வைக்கவும்" என்ற ஒரு வரியை நம்பி முதல்முறை வட்டலப்பம் செய்யும் பெண், சூடான பாகை முட்டையில் ஊற்றுவாள். முட்டை அங்கேயே வெந்து திரிந்துபோகும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"முட்டை 5. வெல்லம் 250 கிராம். தண்ணீர் சேர்க்காத அல்லது மிகக் குறைவாகச் சேர்த்த முதல் தேங்காய்ப்பால் 250 மில்லி. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆற விடவும். சூடாக ஊற்றினால் முட்டை திரியும். முட்டையை நுரை பொங்க அடிக்க வேண்டாம், மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முறை வடிகட்டி, ஏலக்காய்த் தூள் தூவி, பாத்திரத்தை மூடி, ஆவியின் நீர் உள்ளே சொட்டாதபடி வைக்கவும். தீ குறைவாகவே இருக்கட்டும். கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வரும். அரை மணி நேரத்துக்குப் பிறகு நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பார்க்கவும். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம்."

நீளம் கூடிவிட்டதுதான். ஆனால் இதை வைத்துச் செய்ய முடியும். "மிதமான தீ", "தேவையான அளவு", "பதம் வந்ததும்" ஆகிய மூன்றும் எழுதுகிறவருக்குத் தப்பிக்கும் வழிகள். பதம் என்றால் கண்ணுக்கு என்ன தெரியும், மூக்குக்கு என்ன வாசம் வரும், கரண்டியில் எப்படி விழும் என்று எழுதுங்கள்.

நோன்புக் கஞ்சி எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பள்ளிவாசல் தேக்சாவின் கணக்கை அப்படியே நூறால் வகுத்து வீட்டுக்கு எழுதினால் சரி வராது. சின்னச் சட்டியில், இருக்கும் நீரில் அதிக பங்கு ஆவியாகிப் போகும். அதனால் வீட்டுக் கஞ்சிக்கு அரிசிக்கான நீரை விகிதத்தில் கூட்ட வேண்டும்; இஞ்சி, பூண்டு, உப்பையும் வகுத்த கணக்கில் போடாமல் ருசி பார்த்துப் போட வேண்டும். வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காத அளவை எழுதவே வேண்டாம். இன்னொன்று, நோன்புக்கான குறிப்புகள் ஷஃபான் மாதத்திலேயே கைக்குப் போய்ச் சேர வேண்டும். பெருநாள் பலகாரக் குறிப்பு பெருநாள் காலையில் வந்தால் யாருக்கு என்ன பயன்?

கைவேலைகளில் எழுத்தைவிடப் படம் அதிகம் பேசும். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் கோரைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை நீரில் ஊறவைத்து மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. விரித்த பாயின் படம் மட்டும் போட்டால் சாதாரணப் பாய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கிழித்த ஓர் இழையை முழுக் கோரைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், பாயின் ஓரத்தைக் கிட்டத்திலிருந்து ஒரு படம், பாயை மடித்துக் காட்டும் ஒரு படம் என்று எடுத்தால் விலையின் காரணம் தானாகப் புரியும். பூவேலைக்கும் அப்படியே. துணியின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். கற்றுக்கொள்பவர் தேடுவது அதைத்தான். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் போதும், அதன் குறுக்களவு 27 மில்லி மீட்டர்.

படத்துக்கு விலையுயர்ந்த கேமரா வேண்டாம். போனின் லென்ஸை முந்தானையால் ஒருமுறை துடையுங்கள்; எண்ணெய்க் கைபட்டு மங்கியிருக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி பொருளை வையுங்கள். நிழல் அதிகமானால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் சரியாகிவிடும். ஜூம் செய்யாமல் கிட்டப் போய் எடுங்கள்.

படத்தில் வேறு என்ன விழுகிறது என்பதையும் பாருங்கள். வீட்டு எண், பிள்ளையின் பள்ளிச் சீருடை, பின்னால் கண்ணாடியில் தெரியும் ராத்தாவின் முகம். போன் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதி இருக்கிறது; அதை அணைத்துவிடுங்கள். கையை மட்டும் எடுப்பதாக இருந்தாலும் அந்தக் கைக்கு உரியவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுபோல, மாமி சொல்லித் தந்தது என்றால் மாமி சொல்லித் தந்தது என்றே எழுதுங்கள். மாமிக்குப் பெயர் வெளியே வருவது விருப்பமில்லை என்றால் "எங்கள் மாமி" போதும். மற்றவர் எடுத்த படத்தை எடுத்துப் போடுவது சட்டப்படியும் தவறு.

உடல்நலம் பற்றிய வார்த்தைகளில் மிகவும் கவனம் தேவை. "இந்தக் கஷாயம் சர்க்கரையைக் குணமாக்கும்" என்று எழுதியதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். "எங்கள் வீட்டில் சளிக்கு இதைக் குடிப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேன் சேர்த்த எதையும் எழுதினால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்ற வரியை விடாமல் சேருங்கள். வட்டலப்பம் போன்ற முட்டைப் பண்டங்களை வெளியே எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று ஊகித்து எழுதாமல், ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். எழுதியதைப் பார்த்து ஆர்டர் வரத் தொடங்கினால், வீட்டில் சமைத்து விற்பவர்களுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த வேலை தெரியாத ஒரு பெண்ணிடம், கல்லூரிக்குப் போகும் சாச்சி மகளாக இருந்தால் இன்னும் நல்லது, தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்; அதுதான் கஷ்டம். அவள் எங்கே தயங்குகிறாளோ, எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறாளோ, அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

வாரம் இரண்டு எழுதுவேன் என்று தொடங்கி மூன்றாம் வாரம் நின்றுபோவதைவிட, மாதம் ஒன்று சோதித்துப் பார்த்து எழுதினால் வருடத்தில் பன்னிரண்டு சேரும். போன் தொலையும், பழுதாகும். எனவே கோடு போட்ட நோட்டில் ஒரு பிரதி வையுங்கள். இடப்பக்கம் மட்டும் எழுதி, தேதியும் யாரிடம் கற்றது என்பதும் போட்டு, வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அடுத்த முறை செய்யும்போது வரும் திருத்தங்களுக்கு அந்த இடம் வேண்டியிருக்கும்.